அண்ணனை முதலில் அழைத்துப் போங்கள்

கேள்வி: மூளையைப் பாதிக்கும் பரம்பரை நோயான ஹன்டிங்டன் நோயால் அப்பா இறந்தார். எனக்கு 27 வயது, வரன் பார்க்கிறார்கள். இமை துடிக்கிறது, பெயர்கள் மறக்கின்றன, தூக்கம் வரும் நேரத்தில் கால் உதறுகிறது. அண்ணன் வேலையை விட்டுவிட்டார். எல்லோரிடமும் எரிந்து விழுகிறார், ‘நான் இருந்து என்ன பயன்’ என்கிறார். அவர் விரல்களும் சும்மா இருப்பதில்லை. அப்பாவின் டெட்ராபெனசின் மாத்திரை மிச்சமிருந்ததால் கொடுத்து வருகிறேன். மரபணுப் பரிசோதனை என்றாலே பயம். இந்த நோயை ஆராய்ந்த நான்சி வெக்ஸ்லரே அதைச் செய்துகொள்ளவில்லை என்று இணையத்தில் படித்தேன். நான் செய்துகொள்ளத்தான் வேண்டுமா?

பதில்: அந்த மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். டெட்ராபெனசின் உடல் ஆட்டத்தைக் குறைக்கும். கூடவே மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும் கூட்டக்கூடும். ‘நான் இருந்து என்ன பயன்’ என்பவருக்கு, இறந்தவரின் மிச்ச மாத்திரையை அளவுகூடத் தெரியாமல் யாராவது கொடுப்பார்களா?

நீங்கள் நான்கு வரியில் கடந்துபோன அண்ணன்தான் இந்தக் கடிதத்தில் எனக்குக் கவலை. ஹன்டிங்டன் நோயில் கைகால் ஆட்டத்துக்குப் பல ஆண்டுகள் முன்பே எரிச்சலும் மனச்சோர்வும் வந்துவிடுவது உண்டு. நோயாளிக்குத் தன் மாற்றம் தெரியாமல் போவதும் இதன் இயல்பு. ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று அவர் சொன்னால் நம்பி விட்டுவிடாதீர்கள். அவருக்கு இந்த நோய்தானா என்பதைப் பிறகு பார்க்கலாம். மனச்சோர்வுக்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன, நோய் இருந்தாலும் அவை வேலை செய்யும். இந்த வாரமே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், அந்த மாத்திரை அட்டையையும் காட்டுங்கள். அதுவரை அவரைத் தனியாக விடாதீர்கள். இரவில் நிலைமை மோசமானால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸை அழையுங்கள், எண் 14416.

இமைத் துடிப்பு பெரும்பாலும் தூக்கக் குறைவால் வருவது. கண் அயரும்போது கால் உதறுவது எனக்கும் உண்டு. இரவெல்லாம் இணையத்தில் நோய்களைப் பற்றித் தேடிக்கொண்டிருந்தால் பெயர்கள் மறக்கத்தான் செய்யும், அதை நிறுத்துங்கள்.

இனி வெக்ஸ்லர். 1968-இல் தாய்க்கு இந்த நோய் என்று தெரிந்தபோது அவர் உங்களைவிட இளையவர். தாயின் மூன்று சகோதரர்களுக்கும் அது இருந்தது. நான்சிக்கும் அவருடைய அக்கா ஆலிஸுக்கும் வர வாய்ப்பு சரிபாதி, உங்களுக்கும் அண்ணனுக்கும் உள்ளதைப் போலவே. மனோதத்துவம் படித்த நான்சி 1979-இல் வெனிசுவேலாவின் மரகைபோ ஏரிக்கரைக்குப் போனார். தண்ணீரில் கால் நட்டுக் கட்டிய வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இந்த நோய் ஓடிக்கொண்டிருந்தது. இரத்தம் கொடுக்கத் தயங்கியவர்களிடம், தோல் மாதிரி எடுத்த தழும்பைத் தன் கையில் காட்டினார்: நானும் இப்படிப்பட்ட குடும்பத்துப் பெண்தான் என்று. அந்த மாதிரிகளின் துணையோடு 1983-இல் நோய் மரபணு இருக்கும் இடத்தைக் காட்டும் அடையாளக்குறி நான்காம் குரோமோசோமில் அகப்பட்டது. மரபணு அகப்பட மேலும் 10 ஆண்டுகள், 1993. அந்த மரபணுவின் வேதி எழுத்துகளில் சி.ஏ.ஜி. என்ற மூன்றெழுத்து 40 முறையோ அதற்கு மேலோ திரும்ப வந்தால் நோய் வரும். 26 வரை இயல்பு.

உங்களுக்கு இன்று கிடைக்கும் பரிசோதனை அவருடைய உழைப்பிலும் விளைந்ததுதான். ஆனால் அது வந்த உடனே அவர் ஓடிப்போய்ச் செய்துகொள்ளவில்லை. பயந்து ஒளிந்துகொண்டார் என்று இதைப் படிப்பவர்கள் அவர் செய்த வேலையை மறந்துவிடுகிறார்கள். தனக்கும் நோய் வந்துவிட்டதை 2020-இல் அவரே வெளிப்படையாகச் சொன்னார்.

ஆகவே நீங்கள் செய்துகொண்டே ஆக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். நோயைத் தடுக்கும் மருந்து இன்னும் இல்லாததால், அறிகுறி இல்லாதவர் அவசரப்படத் தேவையில்லை. குழந்தை பெறும் முடிவுக்கு அது உதவும் என்று தோன்றினால் செய்துகொள்ளுங்கள். நோய் மரபணு உங்களுக்கு வரவில்லை என்றால், அப்பா வழியில் வந்த இந்த நோய் உங்கள் பிள்ளைகளுக்குப் போகாது. இணையத்தில் பரிசோதனைப் பெட்டி வரவழைத்து எச்சில் அனுப்பும் வேலை மட்டும் வேண்டாம். பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனை போல மரபணு ஆலோசனை தரும் இடத்துக்குப் போய், முதலில் பேசி, பிறகு இரத்தம் கொடுங்கள். நடுவில் மனம் மாறினால் முடிவைக் கேட்காமலே திரும்பிவிடலாம்.

வரன் வீட்டாரிடம் குடும்பத்தில் நோய் உண்டு என்பதைச் சொல்லிவிடுங்கள். பரிசோதனை முடிவைக் கேட்டால் மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆலோசனைக்குப் போகும்போது அப்பாவின் பழைய மருத்துவக் கோப்பை மறக்காமல் எடுத்துப் போங்கள். அவருடைய மரபணு அறிக்கை அதில் இருந்தால் பாதி வேலை குறையும்.