மானிட்டர் இருண்டுவிட்டது: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: வீட்டிலிருந்தபடியே சில கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். போன வாரம் ஜி.எஸ்.டி. விவரங்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது மானிட்டர் சட்டென்று கறுத்துவிட்டது. அணைத்துப் போட்டால் படம் ஓரிரு நொடி தெரிகிறது, மறுபடியும் இருட்டு. கீழே உள்ள சின்ன விளக்கு மட்டும் நீலமாகவே எரிகிறது. பார்த்த கடைக்காரர், ‘பேனல் போய்விட்டது, புதிது வாங்குங்கள்’ என்கிறார். வாங்கத்தான் வேண்டுமா?
- ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: அவசரப்படாதீர்கள், அம்மா. பாதி விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். விளக்கு நீலமாக எரிகிறது, படம் ஓரிரு நொடி வந்து போகிறது. இவ்வளவையும் கேட்டபிறகும் ஒருவர் பேனல்மேல், அதாவது படம் காட்டும் திரைப்பலகைமேல், பழி போடுகிறார் என்றால், அவர் பழுது பார்ப்பதைவிட விற்பதில் ஆர்வமுள்ளவர் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கணினியிலிருந்து படம் வரவில்லை என்றால் பெரும்பாலான மானிட்டர்களில் அந்தச் சின்ன விளக்கு ஆரஞ்சுக்கு மாறும், அல்லது விட்டுவிட்டு எரியும். திரையில் ‘நோ சிக்னல்’ என்றும் வரும். உங்களிடம் அப்படி எதுவும் நடக்கவில்லை. ஆகவே கணினியையும் கேபிளையும் இப்போதைக்கு விட்டுவிடலாம்.

இரவில் அறையை இருட்டாக்கிக்கொண்டு மானிட்டரைப் போடுங்கள். கைப்பேசியின் டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்வாகப் பிடித்து, நீங்களும் சற்றுப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். குப்பைக்கூடைப் படமோ கோப்புகளின் பெயரோ ஆவி மாதிரி மங்கலாகத் தெரிந்தால் பேனல் உயிரோடுதான் இருக்கிறது. எல்.சி.டி. பேனல் தானாக ஒளிராது. பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தை மறைத்தும் விட்டும்தான் அது படம் காட்டுகிறது. உங்களுக்குப் போயிருப்பது அந்தப் பின்வெளிச்சம், கடைமொழியில் பேக்லைட்.

அது ஏன் ஓரிரு நொடி எரிந்துவிட்டு அணைய வேண்டும்? எல்.இ.டி. விளக்குகளை ஒரு பட்டையில் வரிசையாகக் கோத்திருப்பார்கள். அதில் ஒன்று கெட்டாலும் போதும், மின்சாரத்தைக் கண்காணிக்கும் சிப் அபாயம் என்று எடுத்துக்கொண்டு மொத்தப் பட்டையையும் நிறுத்திவிடும். அணைத்துப் போட்டால் முதலிலிருந்து முயன்று பார்த்துவிட்டு மறுபடியும் நிறுத்தும். எல்.இ.டி. வருவதற்கு முந்தைய மானிட்டர்களில் மெல்லிய குழல்விளக்குகளும் அவற்றுக்கென்று ஓர் இன்வெர்ட்டர் பலகையும் இருந்தன. அங்கும் இதே கதைதான்.

பட்டை நன்றாக இருந்தால் அடுத்த சந்தேகம் மின்பலகையில் நிற்கும், மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் சின்ன உருளைகளான கெப்பாசிட்டர்கள்மேல் விழ வேண்டும். நல்ல கெப்பாசிட்டரின் தலை மட்டமாக இருக்கும். கெட்டது மேலே உப்பியிருக்கும். சிலவற்றில் பழுப்பாகக் கசிவும் காய்ந்து கிடக்கும். மாற்றும்போது 105 டிகிரி வெப்பம் தாங்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள், அந்த எண் அதன் உடம்பிலேயே அச்சாகியிருக்கும். விலை சொற்பம்தான்.

ஆனால் மூடியை நீங்கள் திறக்க வேண்டாம். நம் வீட்டு 230 வோல்ட், உள்ளே டி.சி.யாக (நேர்மின்சாரமாக) மாறும்போது ஏறக்குறைய 325 வோல்ட் ஆகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் அது சிறிது நேரம் காத்திருக்கும். இந்த வேலைக்குக் கணினி விற்கும் கடையைவிட டி.வி. பழுதுபார்க்கும் கடையே மேல். எல்.இ.டி. பட்டை மாற்றுவது அவர்களுக்கு அன்றாட வேலை. விளிம்பே இல்லாத ஒல்லி மாடலாக இருந்தால் மட்டும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். அவற்றில் பேனலைப் பசைபோட்டு ஒட்டியிருப்பார்கள், பிரிக்கும்போது கீறல் விட்டுவிடும் ஆபத்து உண்டு.

அதுவரை வேலை நிற்க வேண்டாம். வீட்டு டி.வி.யில் ஹெச்.டி.எம்.ஐ. துளை இருந்தால் கணினியை அதில் சொருகிக்கொள்ளுங்கள். இனி எப்போது திரை இருண்டாலும் பதறி மெயின் சுவிட்சை அணைக்காதீர்கள். விசைப்பலகையில் கேப்ஸ் லாக்கை அழுத்திப் பாருங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் கணினி விழித்திருக்கிறது, கண்ட்ரோல், எஸ் விசைகளைச் சேர்த்து அழுத்திப் பாருங்கள். ஏற்கெனவே பெயரிட்டுச் சேமித்த கோப்பு என்றால், பெரும்பாலும் திரையைப் பார்க்காமலே காப்பாற்றிவிடலாம்.

கேள்வி: சிரிக்காதீர்கள். நான் நாற்காலியிலிருந்து எழுந்தால் மானிட்டர் இரண்டு நொடி கறுத்து, பிறகு தானாகவே வருகிறது. எப்போதும் இல்லை, சில நேரம். வீட்டில் எனக்குத்தான் கோளாறு என்கிறார்கள்.
- கல்லூரி மாணவர், நாகர்கோவில்

பதில்: சிரிக்கவில்லை, தம்பி. உங்கள் நாற்காலி உயரம் கூட்டிக் குறைக்கும் கேஸ் சிலிண்டர் வைத்ததுதானே? அப்படிப்பட்ட நாற்காலியில் உட்காரும்போதும் எழும்போதும் நிலைமின்சாரம் சேர்ந்து சட்டென்று பாயும். அதனால் எழும் மின்காந்த அதிர்வை வீடியோ கேபிள் ஆன்டெனாபோல் இழுத்துக்கொள்கிறது. மானிட்டர் ஒரு கணம் சிக்னலைத் தவறவிட்டு மறுபடி பிடிக்கிறது. யு.எஸ்.பி. வழியாக மானிட்டரை இணைக்கும் தொழில்நுட்பத்தைத் தரும் டிஸ்ப்ளேலிங்க் நிறுவனம் தன் உதவிப் பக்கத்திலேயே இதை எழுதிவைத்திருக்கிறது, வீட்டாரிடம் காட்டுங்கள்.

மெல்லிய, நீளமான, மலிவு கேபிளில் இது அதிகம். நல்ல உறை போட்ட குட்டையான கேபிளாக மாற்றுங்கள். முனையருகே உருளையாகப் புடைத்திருக்கும் ஃபெரைட் கட்டி உள்ளதாக இருந்தால் இன்னும் நல்லது. கேபிள் நாற்காலிக் காலருகே தொங்கக் கூடாது. மின்விசிறியைப் போடும்போதும் திரை கறுக்கிறதா என்று கவனியுங்கள். கறுத்தால், மூன்று முனை பிளக்கின் எர்த் உண்மையில் எர்த்தில்தான் சேர்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை அழைத்துப் பார்த்துவிடுங்கள். துளை மட்டும் இருந்து கம்பி இல்லாத வீடுகள் நிறைய.

கேள்வி: பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது கணினிப் பெட்டியையும் திறந்து தூசி தட்டினேன். அதிலிருந்து திரையில் எதுவும் இல்லை. மானிட்டர் விளக்கு ஆரஞ்சு. கணினி பீப் பீப் என்கிறது.
- ஒரு வாசகர், திருவாரூர்

பதில்: ரேம், அதாவது கணினியின் தற்காலிக நினைவகப் பட்டை, அசைந்திருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு ரேமைக் கழற்றி, பொன்னிறப் பற்களைப் பென்சில் அழிப்பானால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு, இரு பக்கக் கொக்கியும் ‘டக்’கென்று மாட்டும்வரை அழுத்துங்கள். பின்புறத்தையும் ஒருமுறை பாருங்கள். படத்தை உருவாக்கும் கிராஃபிக்ஸ் கார்டு தனியாக இருந்தால் மானிட்டர் கேபிள் அதில்தான் இருக்க வேண்டும். சுத்தம் செய்தபின் பலர் மறதியாக மதர்போர்டின் (கணினியின் தாய்ப்பலகையின்) துளையில் சொருகிவிடுகிறார்கள். இரண்டும் சரியாக இருந்தும் பீப் நிற்கவில்லை என்றால், அது எத்தனை முறை, நீளமாகவா குறுகலாகவா என்று குறித்துக்கொண்டு மதர்போர்டின் பெயரோடு எழுதுங்கள். பீப்பின் அர்த்தம் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும்.