கொம்பு இடம் மாறினால்…

கேள்வி: பிடிஎஃப் கோப்பாக இருக்கும் ஒரு தமிழ் நாவலை, காலிபர் மென்பொருளில் இபப் என்ற மின்னூல் வடிவத்துக்கு மாற்றி, என் கோபோ மின்னூல் கருவியில் திறந்தேன். கொம்புகள் எல்லாம் தப்பான எழுத்தில் போய் ஒட்டியிருக்கின்றன. வேறு மென்பொருளில் மாற்றினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. காலிபரைத் திட்டாதீர்கள்; உள்ளே இருந்ததைத்தான் அது வெளியே எடுத்துப் போட்டிருக்கிறது. எந்த எழுத்து பக்கத்தில் எங்கே நிற்க வேண்டும் என்பதுதான் பிடிஎஃப்பின் கவலை. 'கொடி' என்ற சொல்லில் கண்ணுக்கு முதலில் தெரிவது கொம்பு, அடுத்து க, அதற்கடுத்து கால். கணினிகள் எழுத்தைச் சேமிக்கும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடிலோ க முன்னால், உயிர்க்குறி பின்னால். பல பிடிஎஃப்கள் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுத்துகளைத் தருவதால், கொம்பு முன்னால் நிற்கும் எழுத்தைப் பிடித்துக்கொள்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அச்சுக்கோத்த நூல் என்றால் இன்னும் மோசம்: தமிழே வராது, ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் கொட்டும். அதையாவது எழுத்துரு மாற்றியில் கொடுத்து யூனிகோடாக்கிவிடலாம். மெய்ப்புப் பார்க்கும் வேலை உங்கள் தலையில்தான்.

இனிமேல், மாற்றுவதற்கு முன்பு பிடிஎஃப்பில் ஒரு வரியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள். அங்கே அலங்கோலமாக வந்தால் இபப்பிலும் அதே அலங்கோலம்தான். வரியைத் தேர்ந்தெடுக்கவே முடியவில்லையா? அது வெறும் படம். படத்திலுள்ள எழுத்தை அடையாளம் காணும் எழுத்துணரி (ஓசிஆர்) கொண்டு படித்தெடுக்க வேண்டும். அதே நாவல் இபப்பாகக் கிடைத்தால் அதைத் தேடி எடுப்பதே புத்திசாலித்தனம். கிடைக்காவிட்டால், பெரிய திரையில் பிடிஎஃப்பாகவே படித்துவிடுங்கள். நானாக இருந்தால் அதைத்தான் செய்வேன்.

கேள்வி: என்னிடம் உள்ள இபப் நூல்களையெல்லாம் அமேசானின் கிண்டில் கருவிக்காக மோபி வடிவத்துக்கு மாற்றி வைத்துவிட்டு, பழையதை அழித்துவிடலாமா?

பதில்: ஐயையோ, வேண்டாம்! நூல்களை இணையம் வழியாகக் கிண்டிலுக்கு அனுப்பும் 'சென்ட் டு கிண்டில்' சேவை 2022 முதல் இபப்பையே வாங்கிக்கொள்கிறது. இப்போது கதவடைத்திருப்பது மோபிக்குத்தான். கேபிள் வழியாக ஏற்றுவதென்றால் ஏஇசட்டபிள்யூ3 (AZW3) என்ற கிண்டில் வடிவத்துக்கு மாற்றுங்கள். மோபி பழைய வடிவம், பக்க அமைப்பில் பாதியைத் தின்றுவிடும். அதிலிருந்து திரும்ப இபப் செய்தாலும் போனது போனதுதான். எனவே மூல இபப்பை ஒருபோதும் அழிக்காதீர்கள். அது பல கோப்புகளைச் சுருக்கி ஒன்றாகக் கட்டிய ஒரு ஜிப் கோப்பு, அவ்வளவே. நகல் ஒன்றின் பின்னொட்டை ஜிப் என்று மாற்றித் திறந்தால், அத்தியாயங்கள் சாதாரண வலைப்பக்கக் கோப்புகளாக உள்ளே இருப்பதைப் பார்க்கலாம். நாளை எந்தக் கருவி வந்தாலும் அதிலிருந்தே புதிதாக மாற்றிக்கொள்ளலாம். நகலெடுக்கவிடாத உரிமப் பூட்டு (டிஆர்எம்) போட்ட நூல்களுக்கு மட்டும் இது பொருந்தாது; காலிபர் அவற்றை மாற்ற மறுத்துவிடும்.