விடுதி அறையில் கெட்டில் ஏன் கூடாது? – வாசகர் கேள்வி பதில்

கல்வியாண்டு தொடங்கியதும் மாணவர் விடுதிகளைப் பற்றிய கடிதங்கள் வரத் தொடங்கிவிடுகின்றன. இம்முறை வந்தவற்றில் பெரும்பாலானவை அறைகளில் விதிக்கப்படும் தீப்பாதுகாப்புக் கட்டுப்பாடுகளைப் பற்றியே இருந்ததால், இந்த இதழின் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: நாங்கள் மூவர் ஓர் அறையில் தங்கியிருக்கிறோம். சுவரில் இருப்பது ஒரே ஒரு ப்ளக் பாயிண்ட். அதில் ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் செருகி, அதிலிருந்து இன்னொன்றை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் ஓட்டியிருக்கிறோம். கெட்டிலும் இஸ்திரிப்பெட்டியும் வைத்திருக்கக் கூடாது என்று சொல்லி வார்டன் எடுத்துப் போய்விட்டார். லோடு அதிகமானால் மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்.சி.பி. சுவிட்ச் தானாக விழுந்துவிடும் அல்லவா? பிறகு எதற்கு இந்தக் கெடுபிடி?
– பொறியியல் மாணவர், இரண்டாம் ஆண்டு

பதில்: பொறியியல் படிக்கிறீர்கள் என்பதால் கணக்குப் போட்டே காட்டிவிடுகிறேன். 230 வோல்ட் மின்சாரத்தில் 1500 வாட் கெட்டில் ஏறக்குறைய 6.5 ஆம்பியர் இழுக்கும். 1000 வாட் இஸ்திரிப்பெட்டி 4.3 ஆம்பியர் இழுக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடினால், மடிக்கணினிகளைக் கணக்கில் சேர்க்காமலேயே 11 ஆம்பியரை நெருங்கிவிடுகிறோம். உங்கள் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் கவிழ்த்துப் பாருங்கள்; எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று அடியில் பொறித்திருப்பார்கள். அது 6 என்று இருந்தால், ஒயரில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்பதால், தாங்க வேண்டியதைப் போல் மூன்று மடங்குக்கும் மேலான சூட்டை அந்த மெல்லிய ஒயர் சுமந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

எம்.சி.பி. விழாதா என்கிறீர்கள். விழாது. உங்கள் அறைக்கு வரும் இணைப்பில் 16 ஆம்பியர் எம்.சி.பி. இருந்தால், அது காவல் காப்பது சுவருக்குள் ஓடும் தடித்த ஒயரை மட்டுமே. அதன் கணக்கில் 11 ஆம்பியர் என்பது அன்றாட லோடு. கட்டிலுக்கு அடியில் நீங்கள் ஓட்டியிருக்கும் ஒயரின் தடிமன் என்னவென்று அதற்கு எப்படித் தெரியும்?

இதைவிட நுட்பமான ஆபத்து ஒன்று உண்டு. ப்ளக்கின் பின் துளைக்குள் இறுக்கமாக உட்காராமல் ஆடிக்கொண்டிருந்தால், அந்தத் தொடுமுனையில் மின்னோட்டத்துக்கு அரை ஓம் அளவுக்குத் தடை ஏற்பட்டாலே போதும்; 6.5 ஆம்பியர் பாயும்போது அந்த ஒரு புள்ளியில் 21 வாட் வெப்பம் பிறக்கும். ஆய்வகத்தில் ஈயப்பற்று வைக்க நீங்கள் கையில் பிடிக்கும் சிறிய சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அதைச் சூடாக்கி, தூசிக்கும் பழைய நோட்டுகளுக்கும் நடுவே கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு வகுப்புக்குப் போவீர்களா? இந்த நிலையில் மின்னோட்டம் கூடுவதே இல்லை என்பதால் எம்.சி.பி. இதை அறியவே அறியாது. ஒரு பாக்ஸிலிருந்து இன்னொரு பாக்ஸ் எடுக்கக் கூடாது என்ற விதிக்கு இதுவும் ஒரு காரணம்: ஒவ்வோர் இணைப்பும் இப்படிப்பட்ட தொடுமுனைகளைக் கூட்டிக்கொண்டே போகிறது. ப்ளக்கைப் பிடுங்கியதும் பின்களைத் தொடாமல் பிளாஸ்டிக் உடலை மட்டும் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு, துளையைச் சுற்றிப் பழுப்பேறிய வளையம், கருகிய வாடை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தப் பாக்ஸ் குப்பைக்குப் போக வேண்டியது.

நான் படித்த காலத்தில், பக்கத்து அறைக்காரர்கள் எக்ஸ்டென்ஷன் ஒயர் நீளமாக இருக்கிறதே என்று அதைச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, மெத்தைக்கும் சுவருக்கும் இடையே செருகி வைத்திருந்தார்கள். சுருட்டிய ஒயரின் சூடு வெளியேற வழியில்லை. ஒரு விடுமுறைக்கு முன்பு அதைப் பிரிக்கப் போனபோது, சுற்றுகள் ஒன்றோடொன்று உருகி ஒட்டி, வளையமாகவே கையில் வந்தது. மெத்தையின் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் துணி கருகியிருந்தது. விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தது.

வார்டன் செய்தது சரிதான். ஆனால் மூவர் தங்கும் அறைக்கு ஒரே ஒரு ப்ளக் பாயிண்ட் என்பது விடுதியின் குறை. தண்ணீர் சுட வைக்கவும் துணி தேய்க்கவும் ஒவ்வொரு தளத்திலும் முறையான ஒயரிங்குடன் ஒரு பொது இடம் ஏற்படுத்தித் தரும்படி எழுத்து மூலம் கேளுங்கள். மாற்று ஏற்பாடு எதுவும் செய்யாமல் தடை மட்டும் விதித்தால், கெட்டில் அலமாரிக்குள் ஒளிந்துகொள்ளும். அது மேசைமேல் இருப்பதைவிட மோசம்.

கேள்வி: வாளித் தண்ணீரில் ஹீட்டர் ராடு போட்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டால், என் அறைத்தோழி அதை அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுகிறாள். கரண்ட்தான் இல்லையே, என்ன ஆகிவிடும் என்று கேட்கிறாள்.
– விடுதி மாணவி

பதில்: கரண்ட் திரும்பி வரும். 2008 நவம்பர் 14 அன்று ஷாங்காயில் ஒரு வணிகக் கல்லூரியின் மாணவியர் விடுதியில் நடந்தது இதுதான். இரவில் விடுதியின் மின்சாரத்தை நிறுத்தியபோது ஓர் அறையில் ஹீட்டர் ராடு ப்ளக்கிலேயே இருந்துவிட்டது. காலையில் மின்சாரம் வந்ததும் அது சூடேறி, அருகிலிருந்த பொருள்களில் தீ பற்றியது. அந்த அறை ஆறாவது மாடியில் இருந்தது. வாசல் பக்கம் போக முடியாமல் பால்கனிக்கு ஓடிய நான்கு மாணவிகள் அங்கிருந்து குதித்து உயிரிழந்தார்கள்.

ராடைச் சுற்றித் தண்ணீர் இருக்கும்வரை அதன் வெப்பத்தைத் தண்ணீர் வாங்கிக்கொள்ளும். தண்ணீர் வற்றினாலோ, ராடு வெளியே கிடந்தாலோ, அதே வெப்பம் உலோகத்திலேயே தங்கிச் செக்கச் சிவக்கும். உங்கள் தோழியிடம் சொல்லுங்கள்: கரண்ட் போனால் சுவிட்சை அணைப்பது பாதி வேலை, ப்ளக்கைப் பிடுங்கினால்தான் முழு வேலை. ராடு வைத்துக்கொள்ளவே விடுதியில் தடை இருந்தால், அந்தத் தடைக்கும் இதே காரணம்தான்.

கேள்வி: குளியலறை ஆவிக்கும் பாடி ஸ்ப்ரேக்கும்கூட எங்கள் அறையின் ஸ்மோக் டிடெக்டர் அலறுகிறது. அதன்மேல் பாலித்தீன் பை மாட்டிவிட்டோம். மணி அடித்தாலும் இப்போது யாரும் எழுந்திருப்பதில்லை. தவறா?
– முதுகலை மாணவர்

பதில்: தவறுதான். தூங்கும்போது மூக்கும் தூங்கிவிடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. புகை வாடை உங்களை எழுப்பும் என்று நம்ப முடியாது. காதுதான் எழுப்ப வேண்டும். அந்தக் காதை நீங்கள் பையால் மூடியிருக்கிறீர்கள். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான வலிமையுடன் பற்றிக்கொள்ளும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தீவிபத்தில் இறப்பவர்களில் பலர் நெருப்பு தம்மைத் தொடுவதற்கு முன்பே புகையால் இறந்துவிடுவது இதனால்தான்.

பொய்மணிக்குப் பழகிப்போவது எத்தகைய ஆபத்து என்பதற்கு அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் உள்ள சீட்டன் ஹால் பல்கலைக்கழகம் சாட்சி. 2000 ஜனவரி 19 அதிகாலையில் அங்குள்ள போலண்ட் ஹால் விடுதியின் மூன்றாம் தளப் பொதுக்கூடத்தில் தீ பற்றியது. அதற்கு முந்தைய மாதங்களில் பொய்மணிகள் பலமுறை அடித்திருந்ததால், இதுவும் அப்படித்தான் என்று எண்ணிப் பல மாணவர்கள் படுக்கையிலேயே இருந்துவிட்டார்கள். 3 மாணவர்கள் இறந்தார்கள். 50-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். தீப்பிடித்தால் கூரையிலிருந்து தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் அந்தக் கட்டடத்தில் இல்லை. மாணவர் விடுதிகளில் ஸ்பிரிங்க்ளரைக் கட்டாயமாக்கி அதே ஆண்டிலேயே அந்த மாநிலம் சட்டம் இயற்றியது.

பையைக் கழற்றிவிட்டு, குளியலறைக் கதவுக்கு நேரே இருக்கும் டிடெக்டரை இடம் மாற்றித் தரச் சொல்லி வார்டனிடம் புகார் கொடுங்கள். பொய்மணியை நிறுத்த வேண்டியது நிர்வாகத்தின் பொறுப்பு. அது உண்மை மணியோ பொய்மணியோ, அடித்தால் வெளியே வர வேண்டியது உங்கள் பொறுப்பு.

கேள்வி: மேலே இருக்கும் ஸ்பிரிங்க்ளரில் துணி ஹேங்கர் மாட்டலாமா?

பதில்: கூடாது. அதன் நடுவில் விரல்நுனி அளவுக்குச் சிறிய கண்ணாடிக் குமிழ் இருக்கும். உள்ளே சிவப்புத் திரவம் இருந்தால் 68 டிகிரி செல்சியஸில் அது வெடித்துத் தண்ணீரைத் திறந்துவிடும். ஹேங்கர் இடித்து உடைந்தாலும் அதே கதைதான். உங்கள் மடிக்கணினி உட்பட அறை முழுவதும் குளித்துவிடும். திரைப்படங்களில் காட்டுவதுபோல் ஓரிடத்தில் தீ என்றதும் கட்டடம் முழுவதும் மழை பெய்வதில்லை. பொதுவாக எந்தக் குமிழ் சூடேறுகிறதோ அது மட்டுமே திறக்கும்.

கேள்வி: என் மகள் தங்கியிருக்கும் விடுதியில் இரவு பத்து மணிக்கு மாடி வாசலைப் பூட்டிச் சாவியைக் காவலர் எடுத்துப் போய்விடுகிறார். சன்னல்களிலெல்லாம் இரும்புக் கிரில். கேட்டால் பெண்பிள்ளைகளின் பாதுகாப்புக்காக என்கிறார்கள். நான் எதிர்த்துப் பேசலாமா, அது என் மகளைப் பாதிக்குமா என்று தயக்கமாக இருக்கிறது.
– ஒரு தாய்

பதில்: தயங்காமல் பேசுங்கள், அம்மா. இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் என்னை அதிகம் கலங்க வைத்தது உங்களுடையதுதான். விடுதித் தீகளில் மிகக் கொடியவற்றைப் புரட்டிப் பார்த்தால், பூட்டும் கம்பியும் திரும்பத் திரும்ப வருகின்றன. 2001 மார்ச் மாதத்தில் கென்யாவின் கியாங்குலி மேல்நிலைப் பள்ளி விடுதியில் 67 மாணவர்கள் இறந்தார்கள். ஒரு கதவு பூட்டியிருந்தது, சன்னல்களில் கம்பிகள் இருந்தன. 2023 மே மாதம் கயானா நாட்டின் மாடியா ஊரில் மாணவியர் விடுதி எரிந்தபோது 20 உயிர்கள் போயின. அங்கேயும் பூட்டிய கதவுகள், கிரில் போட்ட சன்னல்கள். உள்ளே இருந்தவர்களை மீட்கச் சுவரை உடைக்க வேண்டியிருந்தது. இரண்டு இடங்களிலும் தீ வைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் அங்கே படித்தவர்களே என்பது வேறு விஷயம். தீ எப்படித் தொடங்கினாலும் வெளியேற வழி இருந்திருக்க வேண்டும்.

வெளியிலிருந்து யாரும் நுழையாமல் தடுப்பதும், உள்ளிருந்து யாரும் வெளியேறாமல் தடுப்பதும் ஒன்றல்ல. வெளியே திறக்க முடியாமலும், உள்ளே இருந்து தள்ளினால் சாவியின்றித் திறக்கும்படியும் தள்ளுகம்பி வைத்த கதவுகள் உண்டு. திறந்தால் மணி அடிக்கும்படியும் அதில் ஏற்பாடு செய்யலாம். கிரிலிலும் உட்புறமாகத் தாழ்ப்பாள் வைத்த திறப்பு அமைக்கலாம். இன்னும் நான்கைந்து பெற்றோரைச் சேர்த்துக்கொண்டு, ஒருவர் பெயரில் அல்லாமல் கூட்டாக எழுதிக் கொடுங்கள். நிர்வாகம் அசையாவிட்டால் அதன் நகலைத் தீயணைப்புத் துறைக்கு அனுப்புங்கள்.

கேள்வி: போனைத் தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் போடலாமா?

பதில்: வேண்டாம். சார்ஜ் ஏறும்போது லித்தியம் பேட்டரி சூடாகும், தலையணை அந்தச் சூட்டை வெளியே விடாது. பேட்டரி உப்பியிருப்பதைக் கண்டால் சார்ஜ் போடுவதையே நிறுத்திவிடுங்கள். அமுக்கிப் பார்க்கும் ஆசையும் கூடாது.

கேள்வி: நள்ளிரவில் எழுந்து பார்க்கும்போது நடைவழியில் புகை இருந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்? ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.
– முதலாண்டு மாணவர்

பதில்: கதவைத் திறப்பதற்கு முன் புறங்கையால் கதவையும் கைப்பிடியையும் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் திறக்காதீர்கள். சூடு இல்லையென்றால் சிறிதளவு திறந்து, புகை மெல்லியதாக இருந்தால் மட்டும் வெளியேறுங்கள். புகை மேலே தங்கும் என்பதால் குனிந்தோ தவழ்ந்தோ போக வேண்டும். அறையில் ஒருவரும் இல்லையென்று உறுதி செய்துகொண்டு கதவைச் சாத்திவிட்டுப் போங்கள். பூட்ட வேண்டாம். சாத்திய சாதாரணக் கதவும் புகையையும் வெப்பத்தையும் சில நிமிடங்கள் தடுத்து நிறுத்தும். அந்தச் சில நிமிடங்கள் மாடியில் இருப்பவர்களுக்குப் பெரிது. லிப்ட் பக்கம் போகவே கூடாது.

நடைவழி முழுவதும் கரும்புகை என்றால் அறையிலேயே இருப்பது மேல். கதவின் இடுக்குகளை ஈரத்துணியால் அடைத்து, தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்து அறை எண்ணையும் தளத்தையும் சொல்லி, சன்னலில் வெளிர் நிறத் துணியை ஆட்டுங்கள். மாடியிலிருந்து குதிக்க நினைக்காதீர்கள்.

இதற்கெல்லாம் முன்னதாக இன்று இரவே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, தம்பி. உங்கள் அறை வாசலிலிருந்து இரண்டு படிக்கட்டுகள் வரையிலும், சுவரைத் தடவிக்கொண்டே, எத்தனை கதவுகளைக் கடக்கிறீர்கள் என்று எண்ணிக்கொண்டு நடந்து பாருங்கள். புகையில் கண் தெரியாது. அந்த எண்ணிக்கைதான் வழி காட்டும். நடக்கும்போது படிக்கட்டில் சைக்கிளோ உடைந்த கட்டிலோ கிடந்தால் அதையும் வார்டனிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் விடுதியில் மாணவர்கள் விளையாட்டாகத் தீயணைப்பானை இயக்கிவிடுகிறார்கள் என்பதால் எல்லாவற்றையும் அலுவலக அறையில் பூட்டி வைத்திருக்கிறேன். இதைக் குறை சொல்கிறார்கள்.
– விடுதிக் காப்பாளர்

பதில்: குறை சொல்பவர்கள் பக்கமே நிற்கிறேன், மன்னிக்கவும். கையில் தூக்கும் சிறிய பவுடர் தீயணைப்பான் பீய்ச்சுவது பத்து முதல் இருபது விநாடிகள்தான். அது குப்பைக்கூடை அளவுத் தீக்கு உதவும், கட்டிலும் திரையும் பற்றிக்கொண்டபின் உதவாது. நீங்கள் சாவி தேடி வருவதற்குள் அந்தக் கட்டம் கடந்துவிடும். நடைவழியிலேயே, திறந்தால் மணி அடிக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் வையுங்கள். விளையாட்டுத்தனம் பெரும்பாலும் அந்த மணிக்கே அடங்கிவிடும். ஆண்டின் தொடக்கத்தில் எல்லா மாணவர்களையும் மைதானத்தில் கூட்டி, பின்னைப் பிடுங்கி, இரண்டு மீட்டர் தள்ளி நின்று, சுடரின் உச்சியில் அல்லாமல் அடிப்பகுதியில் பீய்ச்சிப் பழக ஆளுக்கொரு வாய்ப்புக் கொடுங்கள். மின்சாதனத் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, முதலில் மின்சாரத்தை நிறுத்த வேண்டும் என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள். அப்படியே, இப்போது பூட்டி வைத்திருப்பவற்றை எடுத்து ஒவ்வொன்றிலும் அழுத்தம் காட்டும் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா என்று பாருங்கள். சிவப்பில் இருந்தால் மறுநிரப்பலுக்கு அனுப்ப வேண்டும்.