பெங்களூரில் என் எண்டூரன்ஸ் (நெடுந்தூர ஓட்ட) குதிரை பாதி ஓட்டத்தில் பின்கால் விறைத்து நிற்கிறது. நடக்க வைத்தால் சரியாகுமா?

நடக்க வைக்காதீர்கள். இது டையிங்-அப், அதாவது ஓட்டத்தில் தசை இறுகிப் பிடிக்கும் கோளாறாக இருக்கலாம். அது வந்தால் பின்தொடைத் தசை இழைகள் சிதைகின்றன. நடை சேதத்தைக் கூட்டும். நின்ற இடத்திலேயே சேணத்தை இறக்கி, தண்ணீர் காட்டி, கால்நடை டாக்டரை அங்கேயே வரவழையுங்கள்.

சிறுநீர் காபி நிறத்தில் போனால் இன்னும் அவசரம். தசையிலிருந்து கசிந்த மயோகுளோபின் என்ற புரதம் சிறுநீரகத்தைத் தாக்கும். வலி ஊசியை நீங்களாகப் போடவே கூடாது. நீர் வற்றிய உடம்பில் அதுவும் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

அப்புறம் ரத்தத்தில் தசைச் சேதத்தைக் காட்டும் சி.கே., ஏ.எஸ்.டி. என்ற இரண்டு நொதிகளின் அளவைப் பாருங்கள். சி.கே. சீக்கிரம் இறங்கும், ஏ.எஸ்.டி. மெதுவாகத்தான். இரண்டும் இறங்கும்வரை சவாரி வேண்டாம்.

இது திரும்ப வராமலிருக்கத் தீனியையும் கவனியுங்கள். ஓய்வு நாளிலும் முழு அளவு கொள்ளும் ஓட்ஸும் வைப்பதைப் பார்த்தால் மனசு பதறுகிறது. அன்று தானியத்தைப் பாதியாவது குறைத்து, புல்லைக் கூட்டி, லாயத்தில் அடைக்காமல் வெளியே விடுங்கள். பெங்களூர் குளிர்ச்சியான ஊர்தானே என்று உப்பை நிறுத்திவிடாதீர்கள். ஓடும் குதிரைக்கு இங்கேயும் வியர்வை கொட்டும்.