ஜாக்ஹாமர் ராடு அடிக்கடி உடைவது ஸ்டீல் கோளாறா, டெம்பர் கோளாறா?

குவாரியில் ஜாக்ஹாமர் ராடு (பாறையில் துளைபோடும் கம்பி) வாரத்துக்கு இரண்டு உடைகிறது, ஸ்டீல் மட்டமா, பட்டறையில் போடும் டெம்பர் (காய்ச்சித் தோய்த்து எஃகுக்கு ஏற்றும் பதம்) சரியில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். ஷாங்க் (மெஷினுக்குள் செருகி அடிவாங்கும் முனை) தேய்ந்ததும் கொல்லுப்பட்டறையில் கொடுத்துச் சரிபண்ணி வாங்குகிறீர்கள் போல. அப்படியானால் ஸ்டீல்காரனைத் திட்டுவதற்கு முன் பட்டறையைப் பாருங்கள். சொல்கிறவனும் அப்படி ஒரு உலையடியில் நின்றவன்தான்.

என் தாத்தா கோலார் தங்கவயலில் டிரில் ராடு தீட்டும் பட்டறையில் இருந்தவர். (தங்கவயல் என்றதும் "வீட்டில் எத்தனை பவுன்?" என்று கேட்காத ஆளே இல்லை. தாத்தாவின் தம்பி உள்ளே இறங்கி டிரில் ஓட்டினார். அவர் கொண்டுவந்தது இருமல். அதை யாரும் கேட்பதில்லை.) தாத்தா காலத்து ராடில் கார்பைடு என்ற மிகக் கெட்டியான முனை கிடையாது. வெறும் கரி எஃகு, மழுங்கினால் மறுபடி உலைக்கு வரும். காந்தம் ஒட்டாத சூடு, அதாவது ஏறத்தாழ 770 டிகிரி வரை காய்ச்சி, முனையை மட்டும் தண்ணீரில் தோய்ப்பார். வெளியே எடுத்து ஒரு தேய்ப்புத் தேய்த்தால், பின்னாலிருந்து ஏறிவரும் சூட்டில் நிறம் ஓடும். முதலில் வைக்கோல் நிறம், அப்புறம் மயில்கழுத்து. வேண்டிய நிறத்தில் மறுபடி தண்ணீர். இதைப் பத்து வயதில் கற்றுக்கொண்டேன். அந்தத் திமிர்தான் வினை.

1994-ல் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு கிரானைட் குவாரியில் எடுபிடியாக இருந்தேன். ஒரு ராடின் ஷாங்க் அடிவாங்கி அடிவாங்கிக் காளான் மாதிரி விரிந்துவிட்டது. புது ராடு வாங்க முதலாளிக்கு மனசில்லை. "நான் பார்க்கிறேன்" என்றேன். காய்ச்சித் தட்டிச் சமன்செய்து, தாத்தா பாணியில் தண்ணீரில் தோய்த்து, வைக்கோல் நிறத்தில் நிறுத்தினேன். அரம் போட்டால் வழுக்கியது. எனக்கு ஒரே பெருமை.

மறுநாள் ஒரு மணி நேரம்கூட ஓடவில்லை. காலருக்கு (ஷாங்கை அடுத்த வளையத் தடிப்பு) பக்கத்தில் படக்கென்று முறிந்தது. மெஷினுக்குள் ஷாங்கை அடிக்கும் பிஸ்டன் முகமும் சில்லு பெயர்ந்தது. டிரில்லர் வளைத்துப் பிடித்ததால்தான் உடைந்தது என்று சொல்லி, அவர் கூலியில் பணம் பிடித்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

கம்ப்ரசர் பழுதுபார்க்க வந்த ஒரு அண்ணன்தான் உடைந்த துண்டைக் காட்டி விளக்கினார். நாள்பட்ட விரிசலால் உடைந்திருந்தால், ஒரு புள்ளியில் தொடங்கிக் கிளிஞ்சல் கோடுகள்போல் வழவழப்பான ஒரு பகுதி தெரியும். மிச்சம்தான் சொரசொரப்பாக இருக்கும். என் துண்டில் வழவழப்பே இல்லை, முழுக்கச் சர்க்கரை மாதிரி பொரபொரத்தது, அதாவது நாள்பட்ட விரிசல் இல்லை. ("அதிர்ந்து அதிர்ந்து இரும்பு சர்க்கரையாகிவிட்டது" என்பார்கள், நம்பாதீர்கள். இரும்பு எப்போதுமே மணிமணிதான்.) இப்போதைய ராடுகளில் பல, குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகு. அதைக் கரி எஃகு என்று நினைத்துத் தண்ணீரில் போட்டால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும். தவிர, ஷாங்க் பிஸ்டனைவிடக் கொஞ்சம் கெட்டி குறைவாக இருக்க வேண்டும். நான் செய்தது நேர்மாறு.

மெட்டலர்ஜி படித்தவர்கள் சண்டைக்கு வரவேண்டாம். தாத்தாவின் முறை தப்பு என்று நான் சொல்லவில்லை, அவர் கையிலிருந்த எஃகுக்கு அது சரி. எல்லா உடைப்பும் டெம்பரால்தான் என்றும் சொல்லவில்லை. மழுங்கிய பிட்டோடு (பாறையைக் குடையும் முனை) ஓட்டுவது, சிக்கிய ராடைச் சம்மட்டியால் அடிப்பது, மேலே வெல்டிங் பொட்டு வைப்பது, உள் ஓட்டையில் துருப்பிடிக்க விடுவது, எல்லாமே விரிசலுக்கு வழி. கார்பைடைச் சாணை பிடித்த சூட்டோடு தண்ணீரில் முக்கினால் அதுவும் வெடிக்கும்.

அடுத்தது உடைந்ததும் துண்டைத் தூக்கிப் போடாமல் முகத்தைத் துடைத்துப் பாருங்கள். கிளிஞ்சல் கோடு இருக்கிறதா, ஷாங்க் பக்கமா பிட் பக்கமா, பட்டறைக்கு எத்தனை தடவை போய்வந்த ராடு என்று கீழே எழுதுங்கள். அதுவரைக்கும் டிரில்லர் கூலியில் கை வைக்காதீர்கள்.