நந்தி, மயில், மூஞ்சூறு: சில கேள்விகளும் பதில்களும்

சிவன் கோயிலில் நந்திக்கும் மூலவருக்கும் குறுக்கே போகக்கூடாது என்று பாட்டி தடுப்பார். ஏன்?

சைவ சித்தாந்தம் பதி, பசு, பாசம் என்று மூன்று பொருள்களைச் சொல்கிறது. கருவறை இலிங்கம் பதி, அதாவது இறைவன். அதையே பார்த்தபடி படுத்திருக்கும் நந்தி பசு, அதாவது உயிர். நந்திக்குப் பின்னால் உள்ள பலிபீடம் பாசம், அதாவது உயிரைப் பிணிக்கும் கட்டு. கட்டுகளுக்கு முதுகைக் காட்டிவிட்டு இறைவனையே நோக்கியிருக்கும் உயிரின் நிலை அங்கே கல்லில் நிற்கிறது. அந்தப் பார்வையை மறிக்கக்கூடாது என்பதே பாட்டியின் கண்டிப்புக்குப் பொருள். வைத்தீஸ்வரன்கோயிலுக்கு அருகே உள்ள திருப்புன்கூரில் நந்தி சற்று விலகியிருக்கும். உள்ளே வர இயலாமல் வாசலில் நின்ற நந்தனார் என்ற அடியார் காணும்பொருட்டு இறைவனே விலக்கினார் என்பது பெரியபுராணச் செய்தி. நந்தியின் காதில் வேண்டுதலைச் சொல்லும் வழக்கம் இப்போது பெருகிவிட்டது. என்னைக் கேட்டால், ஓயாமல் பார்த்துக்கொண்டிருப்பவரைத் தொட்டுக் கூப்பிட வேண்டியதில்லை.

முருகன் சூரனைக் கொன்றார் என்கிறோம். பிறகு மயில் எப்படி வந்தது?

கந்தபுராணத்தின்படி, மாமரமாக நின்ற சூரபத்மனை வேல் பிளந்தபோது ஒரு கூறு மயிலாகவும் மறு கூறு சேவலாகவும் வந்தன. ஒன்று ஊர்தியாயிற்று, மற்றொன்று கொடியில் ஏறிற்று. ஆகவே கொன்றார் என்பதைவிட ஆட்கொண்டார் என்பதே பொருத்தம். சூரசம்ஹாரத்தைக் கூர்ந்து பார்த்தவர்களுக்கு இது விளங்கும்: சூரன் பொம்மையின் உடல் ஒன்றுதான், யானைத் தலையையும் சிங்கத் தலையையும் அடுத்தடுத்துக் கழற்றி மாட்டுவார்கள். மாறுவது முகம், அடியில் இருக்கும் ஆணவம் அதேதான்.

சுவாமிமலையில் முருகன் எதிரே யானை நிற்கிறதே?

திருத்தணியிலும் அப்படித்தான். அதை இந்திரன் அளித்த ஐராவதம் என்பார்கள். திருமுருகாற்றுப்படையிலேயே முருகன் யானைமேல் வருகிறான். மயில் மட்டுமே அவன் ஊர்தி என்று எண்ண வேண்டாம்.

இத்தனை பெரிய பிள்ளையாருக்கு மூஞ்சூறு எப்படிப் போதும்?

அதுவும் அடங்கிய அசுரன்தான். கசமுகாசுரன் பெருச்சாளியாகிப் பணிந்தான் என்பது கதை. எடைக் கணக்கு இங்கே செல்லாது.

நடராசர் காலடியில் நசுங்குபவர் யார்?

முயலகன்; அறியாமையின், சித்தாந்திகள் சொல்லில் உயிரை மறைக்கும் ஆணவ மலத்தின், உருவம். ஆனால் அவன் நசுங்கவில்லை. சோழர் காலச் செப்புத் திருமேனி ஒன்றை அருகில் சென்று பாருங்கள்: கையில் பாம்புடன், உயிரோடு, தலையைத் தூக்கிக்கொண்டு கிடப்பான். ஊன்றிய பாதம் அவனை எழவிடாமல் வைத்திருக்கிறது, அவ்வளவே.