நான்கு மணிநேரத் தூக்கம்

அன்புள்ள ஐயா,

பகலில் செவிலியர் படிப்பு, இரவில் கால்சென்டர் வேலை. இரண்டாம் ஆண்டு ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போது ஒரு மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளர் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். சம்பளம் குறைவு, ஆனால் படிப்போடு ஒட்டிய வேலை. மாறலாமா? படித்துக்கொண்டிருப்பதை இன்டர்வியூவில் சொல்ல வேண்டுமா? வகுப்பில் எனக்குத்தான் வயது அதிகம், 31. கூச்சமாக இருக்கிறது. மற்றபடி நான்கு மணிநேரத் தூக்கத்துக்கு உடம்பைப் பழக்கிவிட்டேன், அதில் பிரச்சினை இல்லை.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வயதை விடுங்கள். ஊசி போட்டுக்கொள்ள வருகிறவர் யாரும் உங்கள் பிறந்த தேதியைக் கேட்கப்போவதில்லை.

நீங்கள் கேள்வியாகவே கேட்காத அந்தக் கடைசி வரிதான் என்னைப் பிடித்துக்கொண்டது. பழக்கிவிட்டேன் என்கிறீர்கள். எதை? 2003இல் வெளியான ஓர் ஆய்வில் சிலரை இரண்டு வாரம் தினமும் நான்கு மணிநேரம் மட்டும் தூங்கவிட்டார்கள். கடைசியில் அவர்களுடைய கவனம், இரண்டு இரவு ஒட்டுமொத்தமாகத் தூங்காதவர்களின் கவனத்தைப் போல ஆகிவிட்டது. அவர்களைக் கேட்டால், ‘கொஞ்சம்தான் அசதி’ என்றார்கள். நீங்கள் எழுதியிருப்பதும் அதுதான். உடம்பு பழகவில்லை அம்மா. தடுமாறுகிறோம் என்று சொல்லித்தரும் புத்தி மழுங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

என் அப்பா மருத்துவமனையில் கிடந்தபோது ஒரு இரவு நான் துணைக்கு இருந்தேன். விடிகாலை நான்கு மணி இருக்கும். பயிற்சிக்கு வந்திருந்த ஒரு பெண் ட்ரிப்ஸ் மாற்ற வந்தாள். 500 மில்லி, நான்கு மணிநேரத்தில் ஏற வேண்டும். மில்லிக்கு 20 சொட்டு விழும் குழாய். நிமிடத்துக்கு 42 சொட்டு. இந்தக் கணக்கு எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவள் தன் உள்ளங்கையில் பேனாவால் எழுதி, அடித்து, மறுபடி எழுதியதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடிகாரத்தைச் சொட்டுக்குப் பக்கத்தில் பிடித்தபடி உதட்டை அசைத்து எண்ணினாள். முப்பது தாண்டியதும் கண் சொருகியது. திடுக்கிட்டு மறுபடி ஒன்றிலிருந்து. மூன்றாவது தடவை கையை எடுத்துவிட்டு டியூட்டி சிஸ்டரிடம் போனாள். “அக்கா, எனக்குத் தூக்கமா வருது. சரியா வெச்சிருக்கேனான்னு ஒரு தடவை பாத்துடுங்க.”

சிஸ்டர் வாய்க்கு வந்தபடி திட்டினார். திட்டிக்கொண்டே வந்து, முழு நிமிடம் நின்று எண்ணினார்.

எனக்கு அந்தப் பெண் மேல்தான் கோபம். தூங்கி விழுகிறவளிடமா அப்பாவை ஒப்படைத்திருக்கிறோம் என்று. வீட்டுக்கு வந்து பல நாள் கழித்துத்தான் உறைத்தது, அவள் பேசாமல் போயிருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

அவளுக்குத் தூக்கம் வருவது அவளுக்குத் தெரிந்தது. உங்களுக்குத்தான் பிரச்சினையே இல்லையே, நீங்கள் எந்த அக்காவைக் கூப்பிடுவீர்கள்? புள்ளிக்கு முன்னால் பூஜ்யம் போட்டு 0.5 என்று எழுதச் சொல்லி வகுப்பில் தலையில் அடித்துக்கொள்கிறார்களே, ஏன்? வெறும் .5 என்று எழுதினால் அசந்த கண் அதை 5 என்று படிக்கும். பத்து மடங்கு மருந்து. கால்சென்டரில் தப்பு நடந்தால் வாடிக்கையாளர் கத்துவார். வார்டில் சில சமயம் கத்தக்கூட முடியாதவர்தான் படுத்திருப்பார்.

கடுமையாகப் பேசிவிட்டேன். இரவெல்லாம் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டிருந்துவிட்டு, காலையில் சீருடையை மாட்டிக்கொண்டு வார்டில் பயிற்சி எடுக்கும் கிளினிக்கல் போஸ்டிங்குக்குப் போய் நிற்பது எத்தனை பேரால் முடியும்? கண்ணில் பட்டால் உங்களை உட்காரவைத்து ஒரு வாய் சாப்பிடச் சொல்லத்தான் தோன்றும். ஆனால் நான்கு மணிநேரத் தூக்கம் போதும் என்கிற பெருமையை மட்டும் ஒப்புக்கொள்ள முடியாது.

சரி, நீங்கள் கேட்டது. சம்பளத்துக்கு முன்னால் ஒன்று விசாரியுங்கள்: டியூட்டி சார்ட் எத்தனை நாள் முன்னாடி கையில் வரும்? முந்தின நாள் சாயங்காலம்தான் சொல்வோம் என்றால் வேண்டாம், எவ்வளவு ஒட்டிய வேலையானாலும். இரவு வேலையாகவே இருந்தால் இடம்தான் மாறும், வேறொன்றும் மாறாது. படிப்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். போஸ்டிங் தேதி மாறுகிற முதல் மாதமே எப்படியும் தெரிந்துவிடும்.

அப்புறம், பழைய வேலையை விட்டதற்கு மறுநாளே புதியதில் போய் நிற்காதீர்கள். முடிந்தால் ஒரு வாரம் இடைவெளி விடுங்கள். அந்த வாரம் வகுப்புக்குப் போய் வாருங்கள், மீதி நேரம் புத்தகத்தைத் தொடாமல் தூங்குங்கள். அலாரம் வைக்காமல் எத்தனை மணிக்கு விழித்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.